கோப்புகள் 610 ஜிபி, டிரைவில் 780: மீதி எங்கே?

கேள்வி: போடியில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். அலுவலக விண்டோஸ் சர்வரில் டி டிரைவ் 930 ஜிபி. ஃபோல்டர்களைக் கூட்டினால் 610 ஜிபிதான்; ஆனால் 780 நிரம்பியதாகக் காட்டுகிறது. வாரம் 30 ஜிபி ஏறுகிறது. எதை அழிப்பது?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்கள் கூட்டலில் சேராது. எனவே முதலில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட் மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கணக்கு இடித்தால் ஷேடோ காப்பிதான் (கோப்புகளின் பழைய நிலையை மீட்க விண்டோஸ் வைத்திருக்கும் நகல்) காரணமாக இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' கொடுங்கள். 'மேக்ஸிமம்' வரியில் 'அன்பவுண்டட்' என்றிருந்தால் அதற்கு வரம்பே வைக்கவில்லை என்று பொருள்.

கோப்பு மாறும்போது அதன் பழைய பகுதிகள் 16 கேபி துண்டுகளாக, மறைந்திருக்கும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டருக்குப் போகும். கணக்கு மென்பொருளின் 5 ஜிபி பேக்கப்பைத் தினமும் அதே டிரைவில் மேலெழுதுகிறீர்களா? கோப்பின் அளவு மாறாது. ஷேடோ மட்டும் வீங்கும். வாரம் 6 நாள் என்றாலே 30 ஜிபி.

அந்த பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒரே டிஸ்க்கில் இருப்பது பேக்கப்பே அல்ல. பிறகு டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், ஷேடோ காப்பீஸ், செட்டிங்ஸில் 93,000 எம்பி வரம்பு வையுங்கள். வரம்பைக் குறைத்ததும் பழைய ஷேடோக்கள் போய்விடும், திரும்ப வராது. தவறுதலாக அழித்த கோப்பு ஏதும் மீட்க வேண்டியிருந்தால் அதை முன்பே எடுத்துவிடுங்கள்.