ஆட்டோமேட்டிக் கார்ல இடது கால் தானா பிரேக்க மிதிக்குது, என்ன பண்றது?

கேள்வி: மேடம், எனக்கு 52 வயசு, பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். 24 வருஷமா கியர் வண்டி தான் ஓட்றேன், போன மாசம் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். சிக்னல் கிட்ட வந்தா இடது கால் தானா எந்திரிச்சு போய் கிளட்ச்னு நெனச்சு பிரேக்க நச்சுன்னு மிதிச்சிடுது. சில்க் போர்டுல ஒரு பைக்காரர் பின்னாடி வந்து இடிக்க பாத்தார், மயிரிழைல தப்பிச்சார். வீட்ல மூளை டாக்டர பாருங்கன்னு ஒரே பாட்டு. பழைய கியர் வண்டியும் இருக்கு, சொந்த ஊர் ஆம்பூருக்கு அதுல தான் போவேன். இந்த வயசுல இத மாத்த முடியுமா?

பதில்: முடியும் சார். மூளைல கோளாறு இருக்கற மாதிரி தெரியல, சொல்லப்போனா நல்லா கத்துக்கிட்ட மூளை தான் இந்த தப்ப பண்ணும். நேத்து லைசென்ஸ் எடுத்த பையனுக்கு இது வராது, அவன் இடது காலுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாதே.

நான் பக்கவாதம், பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்தவங்கள திரும்ப நடக்க வைக்கற பிசியோதெரபிஸ்ட், அதனால காலும் மூளையும் பேசிக்கறத தினமும் பாக்கறேன். நீங்க கார் கத்துக்கிட்ட புதுசுல ஒவ்வொண்ணையும் யோசிச்சு பண்ணிருப்பீங்க, இப்ப கிளட்ச், இப்ப கியர், மெதுவா விடு, அப்ப மூளையோட முன்பக்கம் தான் முழு வேலையும் பாக்கும். கொஞ்ச மாசம் போனதும் வீட்டு லோன் பத்தி யோசிச்சுக்கிட்டே மெஜஸ்டிக் வந்து சேர்ந்திருப்பீங்க, எத்தன தடவ கியர் மாத்தினோம்னு கேட்டா தெரியாது. அந்த வேலைய இப்ப மூளைக்கு உள்ள ஆழத்துல இருக்கற பேசல் கேங்க்லியா எடுத்துக்கிச்சு.

அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல ஆன் கிரேபியல்னு ஒரு விஞ்ஞானி, எலிகள 'T' எழுத்து மாதிரி பாதைல ஓட விட்டு அதுங்க மூளைல அதே பேசல் கேங்க்லியால இருக்கற நரம்பு செல்கள கவனிச்சாங்க. பழகற வரைக்கும் வழி முழுக்க செல்லுங்க துடிச்சுது. நல்லா பழகினப்பறம் ஆரம்பத்துல ஒரு துடிப்பு, முடிவுல ஒரு துடிப்பு, நடுவுல கிட்டத்தட்ட அமைதி. அதாவது தனித்தனி அசைவெல்லாம் சேர்ந்து ஒரே பொட்டலமா ஆயிடுச்சு, ஆரம்பிச்சு விட்டா போதும், முடியற வரைக்கும் அதுவா ஓடும். கே.ஆர். மார்க்கெட்ல பூ கட்ற அம்மாகிட்ட போய் முதல்ல எந்த விரல் போகுதுன்னு கேட்டு பாருங்க, கை நின்னுடும்!

இந்த ஞாபகம் நம்ம சாதாரண ஞாபகம் இல்ல. 1953ல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்புக்காக மூளைல ஆபரேஷன் பண்ணாங்க, அதுக்கப்பறம் அவருக்கு புதுசா எதுவுமே மனசுல நிக்கல. பிரெண்டா மில்னர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் அவர கண்ணாடில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரைய வெச்சாங்க, மூணு நாள்ல கை நல்லா தேறிடுச்சு, ஆனா இதுக்கு முன்னாடி வரைஞ்ச ஞாபகமே இல்லன்னார். கைக்கு தெரியுது ஆளுக்கு தெரியல. அதனால தான் உங்க காலுக்கு நீங்க மனசுல எவ்ளோ புத்தி சொன்னாலும் ஏறல.

இப்ப உங்க பொட்டலத்த எது திறக்குதுன்னு பாருங்க. வேகம் குறையுது, முன்னாடி செவப்பு லைட்டு, வலது கால் ஆக்சிலேட்டர விட்டு வருது, இந்த மூணும் சேர்ந்தா 24 வருஷமா இடது கால் கிளம்பிருக்கு. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல நேரா ஓட்றப்ப இந்த தொல்ல வந்திருக்காதுன்னு நெனைக்கறேன், சரி தானே? இன்னொண்ணு, கிளட்ச அடி வரைக்கும் அழுத்தி தான் பழக்கம், பிரேக்க பூ மாதிரி தொடணுங்கறது வலது கால் கத்துக்கிட்ட பாடம், அந்த அளவெல்லாம் சிறுமூளை தான் சரி பண்ணி பண்ணி குடுத்தது. இடது காலுக்கு அந்த பாடமே நடத்தல. ஆட்டோமேட்டிக்ல பிரேக் பெடல் வேற அகலமா இருக்கும், கால் தேடி போனா சிக்கிடும், அதான் நச்சுன்னு மிதி விழுது.

இந்த பழக்கத்த அழிக்க நினைக்காதீங்க, அழியாது. அதே எலிகளுக்கு பாதை முடிவுல குடுத்த பரிச நிறுத்தினா அந்த துடிப்பு மங்கிச்சு, பரிச திரும்ப வெச்சதும் பழைய துடிப்பு திரும்பி வந்திடுச்சு. நமக்கு அதுவும் லாபம் தான், இல்லன்னா ஆம்பூருக்கு யாரு ஓட்றது? மிதிக்காத மிதிக்காதன்னு சொல்றதும் வேஸ்ட், காலுக்கு 'காத' புரியாது, அதே நேரத்துல செய்ய வேற வேல குடுக்கணும்.

ஞாயித்துக்கிழம காலைல 6 மணிக்கு ஆள் இல்லாத நல்ல அகலமான இடமா பாத்து போங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இடது கால நல்லா பின்னாடி சீட்டு பக்கம் இழுத்து குதிகால தரை விரிப்புல வெச்சுக்கோங்க (பக்கத்துல இருக்கற கால் மேடைல வெக்கலாம்னு சிலர் சொல்வாங்க, முதல் மாசம் வேணாம், அங்க இருந்து பிரேக் ரொம்ப கிட்ட). 20 கிலோமீட்டர் வேகம் போங்க, வலது கால் பிரேக்குக்கு போற அதே நொடி இடது குதிகால தரைல நல்லா அழுத்துங்க, வாயாலயும் 'தரை'ன்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, கண்ணாடி ஏத்திக்கிட்டா யாருக்கும் கேக்காது. 30, 40 தடவ போதும். ஒரே நாள்ல மூணு மணி நேரம் பண்றத விட தினமும் கால் மணி நேரம் மேல், கத்துக்கிட்டது தூக்கத்துல தான் இன்னும் கெட்டியாகும்.

வாயால சொல்றது சும்மா இல்ல. பார்க்கின்சன்ல டோபமின்ங்கற மூளை ரசாயனம் குறைஞ்சு, பழக்கத்த வெச்சிருக்கற இந்த பேசல் கேங்க்லியாவே மக்கர் பண்ணும், கால் தரைல ஒட்டின மாதிரி நின்னுடும். நான் தரைல ஒரு அடி தூரத்துக்கு ஒண்ணா கலர் டேப் ஒட்டி விடுவேன், ரெண்டு எட்டு கூட வெக்க முடியாதவங்கள்ல பல பேர் கோட்ட தாண்டி தாண்டி நடந்து போவாங்க. தானா ஓட்ற வழி அடைச்சா கவனமா ஓட்ற வழி இன்னும் தொறந்து தான் இருக்கு, உங்களுக்கும் அந்த வழிய தான் கொஞ்ச நாள் கடன் வாங்கறோம்.

முதல் ஒரு மாசம் கியர் வண்டிய தொடாதீங்க, பீக் அவர்ல சில்க் போர்டு பக்கமும் போகாதீங்க, பதட்டம் வந்தா மூளை பழச தான் கையில எடுக்கும். 21 நாள்ல மாறும்னு வாட்ஸ்அப்ல வரும், நம்பாதீங்க. லண்டன்ல 96 பேர வெச்சு ஒரு புது பழக்கம் தானா வர எத்தன நாளாகுதுன்னு பாத்தப்ப 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போச்சு, நடு அளவு 66 நாள். அதுவும் தண்ணி குடிக்கறது, பழம் சாப்பிடறது மாதிரி பழக்கம் தான், உங்க கணக்கு வேற மாதிரி வரலாம்.

டாக்டர பாக்க வேண்டியது எப்பன்னா, ஒரு கால் இழுத்து நடந்தா, கையெழுத்து சின்னதாயிட்டே வந்தா, நடக்கறப்ப ஒரு கை வீசாம இருந்தா. சுகர் இருந்து பாதம் மரத்து போயி பெடல் எங்க இருக்குன்னே தெரியலன்னாலும் வண்டிய நிறுத்திட்டு முதல்ல போய் காட்டுங்க.

ஒரு மாசம் கழிச்சு கியர் வண்டில ஏறினதும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கிளட்ச அடி வரைக்கும் மிதிங்க, ஆட்டோமேட்டிக்ல ஏறினா குதிகால பின்னாடி இழுங்க. எந்த வண்டின்னு காலுக்கு சொல்லிட்டு தான் கிளம்பணும். ஆம்பூர்ல பிரியாணி சாப்பிட்டு தூக்கக் கலக்கத்தோட திரும்பறப்பயும் இத விடாதீங்க சார்.