இரண்டு சிடியை ஒரு கார்ட்ரிட்ஜில் அடைத்தவர்கள்

கேள்வி: ஒரே கேம் ஒரு கன்சோலில் ஒரு மாதிரியும் போட்டி கன்சோலில் வேறு மாதிரியும் இருக்கிறதே, ஏன்? எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்து அடுத்த மெஷினில் போட்டால் ஓடாதா?

பதில்: ஓடாது. ஒரு மெஷினுக்கு எழுதிய கேமை வேறொரு மெஷினில் ஓடும்படி மாற்றுவதுதான் போர்ட்டிங். அது காப்பி எடுக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 'ரெசிடென்ட் ஈவில் 2'. கேப்காம் நிறுவனம் அதை 1998இல் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது. மொத்தம் இரண்டு சிடி. மறு ஆண்டே அது நின்டெண்டோ 64க்கு வந்தது. நின்டெண்டோ 64இல் சிடி டிரைவே கிடையாது, கேமைச் சிப்பில் பதித்துச் செருகும் கார்ட்ரிட்ஜ் மட்டும்தான். கிடைத்த இடம் 64 எம்பி. ஒரு சிடி மட்டுமே 650 எம்பி கொள்ளும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வேலையை எடுத்துக்கொண்டது கலிஃபோர்னியாவில் இருந்த ஏஞ்சல் ஸ்டுடியோஸ். முழுநேரமாக ஒன்பது பேர், 12 மாதம், பத்து லட்சம் டாலர். கேப்காமும் ஃபேக்டர் 5 நிறுவனமும் கைகொடுத்தன.

பெரிய தலைவலி வீடியோக்கள். கதையை நகர்த்தும் காட்சிகள் எல்லாம் முன்கூட்டியே ரெண்டர் செய்த, அதாவது கணினியில் உருவாக்கி வைத்த படங்கள். சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்ட பிளேஸ்டேஷனில் தனியாக ஒரு சர்க்யூட் உண்டு. நின்டெண்டோ 64இல் இல்லை. ஆனால் அதில் ஆர்எஸ்பி என்றொரு துணைச் செயலி இருந்தது. அதற்கென மைக்ரோகோடு, அதாவது அந்தச் செயலியை நேரடியாக இயக்கும் சிறு புரோகிராம், எழுதினால் கிராஃபிக்ஸ், ஒலி என்று வெவ்வேறு வேலை வாங்கலாம். வீடியோ விரிக்கும் பொறுப்பை அதன் தலையில் கட்டினார்கள். பிரேம்களைக் குறைத்தார்கள். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கவனிக்காது என்பதால் நிறத் தகவலைச் சுருக்கினார்கள். கடைசியில் 165க்கு 1 என்ற அளவுக்கு வீடியோ ஒடுங்கியது. படம் கொஞ்சம் மங்கல்தான், மறுக்க முடியாது. ஆனால் காட்சிகளைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தில் கதை சொல்லியிருக்கலாம். அந்தச் சுலப வழியில் அவர்கள் போகவில்லை. அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

இழப்பு மட்டும் இல்லை, லாபமும் உண்டு. பிளேஸ்டேஷனில் சுவரோ உடையோ கோணம் மாறும்போது அலைபோல நெளியும். உருவங்களின் மேல் டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்புப் படத்தை, ஒட்டும்போது அதன் சிப் தூரத்தைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம். நின்டெண்டோ 64 அதைச் சரியாகச் செய்யும், அதனால் பாத்திரங்கள் திடமாகத் தெரிந்தார்கள். இசைக்கருவிகளின் ஒலியையும் பிளேஸ்டேஷனில் இருந்ததைவிட உயர்ந்த தரத்தில் புதிதாக அமைத்தார்கள். கூடுதல் மெமரிக்கான எக்ஸ்பேன்ஷன் பேக்கைச் செருகினால் படத்தின் கூர்மை ஏறும். கதைப் பின்னணி சொல்லும் 16 புதிய கோப்புகளும், ஒவ்வொரு முறை ஆடும்போதும் பொருட்களை இடம் மாற்றி வைக்கும் வசதியும் இதில் உண்டு. இவ்வளவும் 64 எம்பிக்குள்!

கேள்வி: செகா மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ இரண்டிலும் 'அலாதீன்' ஆடியிருக்கிறேன். ஒன்றில் கையில் வாள் இருக்கிறது, மற்றதில் இல்லை. போர்ட் செய்யும்போது விட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை, அவை வேறு வேறு கேம்கள். இரண்டும் 1993இல் வந்தன. மெகா டிரைவுக்குச் செய்தது வெர்ஜின் நிறுவனம், சூப்பர் நின்டெண்டோவுக்குச் செய்தது கேப்காம். எனக்கு வெர்ஜின் செய்ததுதான் பிடிக்கும், டிஸ்னி ஓவியர்கள் கைப்பட வரைந்த அசைவுகளுக்காக.

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று கிடைத்தது. நண்பனின் எக்ஸ்பாக்ஸ் 360இல் நன்றாக ஓடும் சில கேம்கள் இதில் திணறுகின்றன. மெஷின் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எக்ஸ்பாக்ஸ் 360இன் செயலியில் ஒரே மாதிரி மூன்று கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள். 512 எம்பி மெமரியை செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் பகிர்ந்துகொள்ளும். பிளேஸ்டேஷன் 3இல் அதே 512 இரண்டு பங்காக, செயலிக்கு 256, கிராஃபிக்ஸ் சிப்புக்கு 256. அதன் செல் செயலியில் முதன்மைக் கோர் ஒன்றுதான். உடன் வரும் துணைக் கோர்களில் கேமுக்குக் கிடைப்பது ஆறு. ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி வெறும் 256 கேபி. வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி அவற்றுக்கு ஊட்டத் தெரிந்தவர்கள் அற்புதங்கள் செய்தார்கள். 360க்கு எழுதியதை அவசரமாகக் கொண்டுவந்தால் எல்லாப் பாரமும் அந்த ஒரே முதன்மைக் கோர் மேல் விழும்.

'பேயோனெட்டா' (2009) நல்ல சாட்சி. 360 வடிவத்தை பிளாட்டினம் கேம்ஸ் செய்தது, பிளேஸ்டேஷன் 3க்கு மாற்றியது செகா. சண்டை சூடுபிடிக்கும் இடத்தில் பிளேஸ்டேஷன் 3 வடிவம் தடுமாறும். அந்தக் கேம் மட்டும் வேண்டுமென்றால் நண்பன் வீட்டுக்கே போய் ஆடுங்கள். உங்கள் மெஷினுக்கு 'அன்சார்ட்டட் 2' வாங்கிப் போடுங்கள்; அந்த செல் செயலிக்கென்றே எழுதியது, துணைக் கோர்கள் என்ன செய்யும் என்று அதில் தெரியும்.