பில்லிங் மென்பொருள் விற்பனையை நிறுத்துகிறோம். ஏற்கெனவே வாங்கிய கடைகளுக்கு எப்படி, எதுவரை சப்போர்ட் கொடுப்பது?

நீங்கள் தந்த விவரம்: விண்டோஸில் ஓடும் பில்லிங் மென்பொருள், ஒரேமுறை பணம் கட்டும் லைசன்ஸ், வருடா வருடம் ஏஎம்சி (பராமரிப்புக் கட்டணம்), கணக்கைச் சேமிக்க மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், ஆன்லைன் ஆக்டிவேஷன் (லைசன்ஸை உங்கள் சர்வரில் சரிபார்ப்பது), சுமார் 300 கடைகள்.

விற்பனையை நாளைக்கே நிறுத்திவிடலாம், அதில் சிக்கல் ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது இதைத்தான்: இரண்டு வருடம் கழித்து ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விடுகிறது, உங்கள் அலுவலகத்தில் போன் எடுக்க ஆளில்லை. கடைக்காரர் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, புது மெஷினில் உங்கள் மென்பொருளை ஏற்றி, பேக்கப்பைப் போட்டு, பழைய பில்லை எடுக்க முடியுமா? முடியும் என்றால்தான் நீங்கள் கதவைச் சாத்தலாம்.

முதலில் தேதி. நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச் 31-ஐக் கடைசி நாளாக வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். புது பில் வரிசை எண், ஸ்டாக் இருப்பை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது என்று ஏப்ரல் முதல் வாரத்தில்தான் அழைப்புகள் குவியும். கடைகளை ஏப்ரல் 1-இல் வேறு மென்பொருளுக்கு மாறச் சொல்லுங்கள். சப்போர்ட்டை டிசம்பர் 31 வரை வையுங்கள். முந்தைய நிதியாண்டுக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆண்டறிக்கைக்கு அதுதான் கடைசி நாள். அதுவரை ஆடிட்டர் பழைய கணக்கிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார். இடையில் ஏஎம்சி முடிகிறவர்களிடம் டிசம்பர் வரைக்குமான மாதங்களுக்கு மட்டும் வாங்குங்கள். மூன்று வருட ஏஎம்சியை மொத்தமாகக் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு வரியைக் குறைத்துக்கொள்ள, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான் அவகாசம். அது தாண்டியிருந்தால் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். அப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பந்தம் முடியும்வரை சப்போர்ட் கொடுத்துவிடுவதே மலிவு.

டீலர்களிடம் விற்காத சீரியல் கீ எத்தனை இருக்கிறது என்று எழுதி வாங்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதை விட்டால், நீங்கள் நிறுத்தி ஆறு மாதம் கழித்து ஒரு புதுக் கடை 'நேற்றுதான் சார் வாங்கினேன்' என்று வந்து நிற்கும்.

அடுத்தது கடைசிப் பதிப்பு. இதில் புது வசதி எதுவும் வேண்டாம். ஆக்டிவேஷனை மட்டும் எடுத்துவிடுங்கள். 2012 கடைசியில் அடோபி தன் பழைய டிசைன் மென்பொருள் தொகுப்பான சிஎஸ்2-இன் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது இதைத்தான் செய்தது: ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையும் சீரியல் எண்ணையும் கொடுத்தது. திருட்டுப் பிரதி பரவுமே என்ற பயம் விற்பனை நடக்கும்வரைதான் அர்த்தமுள்ளது. வரி விகிதங்களைக் கடைக்காரரே மாற்றும்படி ஒரு திரையில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீக்கப்பட்டபோது, விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த மென்பொருள் எதுவும் புதுப் பதிப்பு விடாமல் தப்பியிருக்க முடியாது.

இன்ஸ்டாலருக்கு டிஜிட்டல் கையெழுத்து போடும்போது டைம்ஸ்டாம்ப் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் உங்கள் சான்றிதழ் காலாவதியான பிறகும் கையெழுத்து செல்லும்; இல்லையென்றால் அன்றோடு போச்சு, விண்டோஸ் எச்சரிக்கை காட்டத் தொடங்கும். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டைம்ஸ்டாம்ப் கட்டத்தில் தேதி இருந்தால் சரி, 'நாட் அவைலபிள்' என்று இருந்தால் மறுபடி போடுங்கள்.

புது மெஷினில் ஏற்றும்போது மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் எஸ்கியூஎல் சர்வர்தான். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் சின்ன இன்ஸ்டாலர் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும்; அதிலேயே 'டவுன்லோட் மீடியா' கொடுத்து முழுக் கோப்பையும் எடுத்து பென் டிரைவில் வையுங்கள். கடைகளில் இருக்கும் வெர்ஷன்களிலேயே புதியதை எடுங்கள். புது வெர்ஷனில் எடுத்த பேக்கப் பழைய வெர்ஷனில் ஏறாது. விண்டோஸ் 11 போட்ட சில மெஷின்களில் இன்ஸ்டால் கடைசிக் கட்டத்தில் டேட்டாபேஸ் இன்ஜின் எழாமல் நின்றுவிடும். என்விஎம்இ டிரைவின் (புது மெஷின்களில் வரும் வேகமான எஸ்எஸ்டி) செக்டார் அளவுதான், அதாவது டிஸ்க் ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவுதான் காரணம்: எஸ்கியூஎல் சர்வர் 512, 4096 பைட் இரண்டை மட்டுமே ஏற்கும், விண்டோஸ் 11-ஓ, டிரைவ் சொல்லும் 8192, 16384 போன்ற பெரிய எண்ணை அப்படியே அதனிடம் கொடுத்துவிடும். ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) என்விஎம்இ டிரைவருக்கு உரிய செக்டார் அளவு மதிப்பில், நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, 4095 என்று எழுதி மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். இதை ரெஜ் கோப்பாகவே பென் டிரைவில் போட்டுவிடுங்கள். மெக்கானிக் கையால் அடிக்க வேண்டாம்.

எக்ஸ்பிரஸ் 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. தொட்டுவிட்டால் பில் சேவ் ஆகாது, அதுவும் தீபாவளிக் கூட்டத்தில்தான் தொடும். 7 ஜிபி தாண்டிய கடைகளை இப்போதே பட்டியல் எடுத்துப் பழைய வருடங்களைத் தனி டேட்டாபேஸாகப் பிரித்துக் கொடுங்கள். அழிக்கக் கூடாது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26 பில்களுக்கு அது 2032 டிசம்பர் 31. அத்தனை வருடம் உங்கள் மென்பொருள் ஓடும் என்று நம்பாமல், பில்கள், வாங்கல், ஸ்டாக் எல்லாவற்றையும் எக்ஸெலில் திறக்கும் கோப்பாக எடுத்துக்கொடுக்கும் ஒரு பட்டனை வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இணையம் இல்லாத ஒரு மெஷின், பென் டிரைவ், ஒரு பக்கக் குறிப்பு மூன்றையும் உங்கள் டீமில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து ஒரு கடையின் பேக்கப்பை ஏற்றச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களைக் கூப்பிடுகிறாரோ, குறிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள்.

சோர்ஸ் கோடை ஓப்பன் சோர்ஸாக விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். விலைக்கு வாங்கிய ரிப்போர்ட் கம்போனென்ட்டுகளின் லைசன்ஸ் பெரும்பாலும் இடம் கொடுக்காது. மளிகைக் கடைக்காரருக்கு அதனால் பயனும் இல்லை. கம்பைலர், கம்போனென்ட் எல்லாம் உள்ள பில்ட் மெஷினை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக எடுத்து இரண்டு டிஸ்க்கில் வைத்தால் போதும்.

டிசம்பர் தாண்டியும் விடமாட்டேன் என்று பத்துக் கடையாவது நிற்கும். சப்போர்ட் முடிந்த விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து தர மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களிடம் கேட்பது முதல் வருடம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்து 122, அதற்கடுத்து 244. அதே வழியில் விலையை வருடா வருடம் இரட்டிப்பாக்குங்கள், கூச்சமே வேண்டாம்.

டொமைனை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசிப் பதிப்புக்கு மாறாத கடைகளில் பழைய ஆட்டோ அப்டேட் அந்த முகவரியைத் தட்டிக்கொண்டேதான் இருக்கும். டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கினால், அவர் வைக்கும் கோப்பு அந்தக் கடைகளில் உங்கள் அப்டேட்டாக இறங்கும். ஒரே தடவையில் பத்து வருடத்துக்குப் பதியலாம். கடைசி ஏஎம்சி பணத்தில் முதல் செலவாக அதைச் செய்துவிடுங்கள்.