வாலட்டுக்கு மாற்றினால் போதுமா?

கேள்வி: வஸீர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) நடந்த திருட்டுக்குப் பிறகு, என் மகன் வேறொரு எக்ஸ்சேஞ்சில் இருந்த தன் பிட்காயினை எல்லாம் சொந்த வாலட்டுக்கு (சாவியைத் தானே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பணப்பை) மாற்றிவிட்டான். "சாவி நம்ம கையில இருந்தாத்தாம்மா காசு நம்முது" என்கிறான். பறிகொடுத்தவர்களைப் பற்றிக் கேட்டால், "அது அவங்க தப்பு" என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் செய்தது சரியா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாற்றியது சரிதான் அம்மா. 2024 ஜூலையில் வஸீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் களவு போனதும், பணம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கணக்கு வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் "அவங்க தப்பு" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், வாலட் திறக்கவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தான். உதவி மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஆள் அனுப்பிய பக்கத்தில் வாலட் தொடங்கும்போது கிடைத்த தன் 12 சொற்களையும் வரிசையாகத் தட்டிவிட்டான். அந்தச் சொற்கள்தான் முழுச் சாவி. சற்று நேரத்தில் வாலட் காலி. கிரிப்டோ குழுவில் அழாத குறையாக முறையிட்டவனுக்குக் கிடைத்த பதில்: "இதுகூடத் தெரியாதவன் ஏன் இதுக்குள்ள வந்தே?" திருடனைத் திட்ட அங்கே ஒருவரும் இல்லை.

கிரிப்டோக்காரர்கள் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததும் இல்லை. 2016-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் இயங்கிய 'தி டிஏஓ' என்ற முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) களவு போனபோது, எத்தீரியம்காரர்களில் பெரும்பாலோர் கூடி, விதியையே மாற்றி அதை மீட்டுக் கொடுத்தார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியிலேயே, அதாவது மாற்றாத பழைய கணக்கேட்டிலேயே தங்கினார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக். அத்தனை பெரிய தொகைக்கு இரங்கத் தெரிந்தவர்களுக்கு, இந்தத் தம்பிக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்ல வரவில்லையே!

பரவலாக்கம் (சாவி ஒருவர் கையில் இல்லாமல் பலரிடம் பிரிந்திருப்பது) என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குக் கிரிப்டோ பணத்தை மாற்றித் தரும் ரோனின் பாலத்தில் அப்போது 9 சாவிகள் இருந்தன. 5 இருந்தால் பணத்தை எடுத்துவிடலாம் என்ற நிலை. அவற்றில் 4 ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் களவு போய்விட்டது.

இன்று இரவே மகனிடம் கேளுங்கள்: அந்தச் சொற்களை எங்கே எழுதி வைத்திருக்கிறாய்? போனில் படமாக இருந்தால், முதலில் தாளில் எழுதிக்கொண்டு, உடனே படத்தை அழிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பேங்க் லாக்கரில் வைக்கட்டும். சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. அவனுக்கு ஒன்று ஆனால், அந்தத் தாள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்று சொன்னாலும், போலீஸ் என்று சொன்னாலும், யாருக்கும் அதைப் படித்துக் காட்டாதீர்கள். களவு போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.