ஆபரேஷனுக்குக் கடனா? முதலில் தம்பியின் வட்டியை நிறுத்துங்கள்

கேள்வி: தி.நகர் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். சம்பளம் 19,000. மூன்றாவது, நான்காவது கால்விரல்களுக்கு நடுவே நரம்பு அழுந்தி, நெருப்பாய் எரிகிறது. 'மார்ட்டன்ஸ் நியூரோமா' என்கிறார் டாக்டர். அகலமான செருப்பு, ஸ்டீராய்டு ஊசி எதற்கும் கேட்கவில்லை, ஆபரேஷன்தானாம். தனியார் மருத்துவமனையில் 85,000 ஆகும், வட்டியில்லா இ.எம்.ஐ. உண்டு என்கிறார்கள். வாங்கலாமா? தம்பி கடைக்காக மூன்று வருடம் முன்பு ஆறு பவுனை 2 லட்சத்துக்கு அடகு வைத்தேன். ஒன்றரை வட்டி. அதையும் நான்தான் கட்டுகிறேன்.
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வாங்காதீர்கள். போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் பிரச்சினை. மாதம் 3,000 வீதம் மூன்று வருடத்தில் 1,08,000 போய்விட்டது. ஆபரேஷன் செலவையே தாண்டிவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது. நீங்கள் வட்டியைக் கட்டி, வருடா வருடம் அடகைப் புதுப்பிக்கும் வரை தம்பிக்கு என்ன அவசரம்? இதற்கு மேல் 12 மாத இ.எம்.ஐ. என்றால் இன்னும் 7,100. சம்பளத்தில் பாதிக்கு மேல் காலி. 'வட்டியில்லா' கடனில் பிராசசிங் கட்டணத்தையும் தவணை தவறினால் போடும் அபராதத்தையும் யாரும் முதலில் சொல்வதில்லை.

அடுத்த மாத வட்டி தம்பியுடையது என்று இன்றே சொல்லுங்கள். முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும். கட்டவில்லையா, மூன்று பவுனை விற்று மீதியை மீட்டுவிடுங்கள். விற்க மனமில்லையென்றால் வங்கி நகைக்கடனுக்காவது மாற்றுங்கள், வட்டி பாதியாகும்.

உங்கள் சம்பளம் 21,000-க்குள், அதாவது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ.க்கு 143 ரூபாய் பிடிக்கிறார்களா, பாருங்கள். பிடித்தால் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், அலைச்சலும் உண்டு, 85,000 மிச்சமாகிறதே. அங்கே வசதி இல்லையென்றால் அவர்களே வெளியே எழுதிக்கொடுப்பார்கள். நீங்களாகத் தனியாரில் செய்துவிட்டுப் பில்லை நீட்டினால் பணம் வருவது கஷ்டம்.

இன்னொரு டாக்டரைப் பார்ப்பதும் நல்லதுதான். நரம்பை வெட்டி எடுத்தால் அந்த விரலிடுக்கு மரத்துப்போகும். சிலருக்கு வெட்டிய முனையிலேயே வலி திரும்பும்.

புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்துச் சமாளிக்கலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

ஒரு மாத மருத்துவ விடுப்புக்கு இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். முதல் இரண்டு நாளைக் கழித்தால் சுமார் 12,400. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். திரும்ப வேலைக்குப் போகும்போது உட்கார இருக்கை கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது.