ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்லும் சட்டம்: மகள் படிக்கலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். என்ற மேற்படிப்பை மகள் படித்தால் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. வல்லரசுகள் எதையும் மதிப்பதில்லையே, இதைப் படித்து என்ன பிரயோஜனம் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உபயோகமில்லாத படிப்பு என்று உங்கள் மனதில் பதிந்துவிட்டால், வேலையைப் பற்றி நான் சொல்வது எதுவும் ஏறாது.

மகள் பிராஜெக்ட் எழுதும் தலைப்பு 'ஜஸ் கோஜென்ஸ்' என்று எழுதியிருந்தீர்கள். எந்த நாடும் மீறக் கூடாத கட்டாய நெறிகள் என்று அதற்கு அர்த்தம். கடத்தல் சரக்கைப் பங்கு பிரிப்பது பற்றி இரண்டு பேர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் கோர்ட்டில் அது செல்லாது இல்லையா? நாடுகளுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 53-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அடிமைத்தனம், இனப்படுகொலை, சித்திரவதை போன்றவற்றைத் தடுக்கும் நெறிகளை எந்த நாடும் ஒப்பந்தம் போட்டுத் தாண்ட முடியாது. நெறி பிற்பாடு உருவானால்கூட, அதற்கு முரணான பழைய ஒப்பந்தம் அத்தோடு முடிந்துவிடும் என்கிறது 64-வது பிரிவு.

தென் அமெரிக்காவில் சூரிநாம் என்று ஒரு நாடு. டச்சுத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போய் வாழ்ந்த ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் அங்கே சரமாக்கா மக்கள். 1987 டிசம்பர் 31 அன்று ராணுவத்தினர் அவர்களில் சிலரைப் பிடித்துப்போனார்கள். 7 பேர் உயிரிழந்தார்கள். வழக்கு அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. இழப்பீட்டு விசாரணையில், சரமாக்கா மக்களுக்குத் தன்னாட்சி உண்டு என்று காட்ட, 1762-ல் டச்சுக்காரர்களோடு அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய தரப்புதான் வைத்தது.

நீதிபதிகள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். தப்பி ஓடிவரும் அடிமைகளைச் சரமாக்காக்கள் பிடித்து ஆளுநரிடம் ஒப்படைக்க வேண்டும், பிடித்த தூரத்தைப் பொறுத்துத் தலைக்கு 10 முதல் 50 ஃபுளோரின் (அன்றைய டச்சு நாணயம்) கிடைக்கும் என்று ஒரு ஷரத்து. பிடிபடும் மற்ற கைதிகளை டச்சுக்காரர்களுக்கு அடிமைகளாக விற்கலாம் என்று இன்னொன்று. இது சர்வதேச ஒப்பந்தம்தானா என்று ஆராயவே வேண்டியதில்லை, அப்படியே இருந்தாலும் ஜஸ் கோஜென்ஸுக்கு முரணாக இருப்பதால் இன்று செல்லாது என்று 1993-ல் தீர்ப்பு வந்தது.

அதற்காக அந்தக் குடும்பங்களைக் கைவிடவில்லை. யார் மனைவி, யார் பிள்ளை என்பதைச் சரமாக்கா வழக்கப்படியே பார்த்து இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். குஜாபா என்ற ஊரில் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறக்கவும் உத்தரவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பள்ளிக்கூட வரியில் நான் நின்றுவிடுவேன். பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்களே, அம்மா, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். வல்லரசுகள் மீறுவதும் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை.

சரி, வேலை. சர்வதேச நீதிமன்றங்களும் ஐ.நா. அலுவலகங்களும் இருக்கும் ஹேக், ஜெனீவா என்று மட்டும் கனவு கண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இடங்கள் மிகக் குறைவு, போட்டி உலகம் முழுவதிலிருந்தும் வரும். வெளியுறவு அமைச்சகத்தில் சட்டம், உடன்படிக்கைகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கேயும் எப்போதாவதுதான் ஆள் எடுப்பார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுதிப் பேராசிரியர் ஆவது நிஜமான வழி. சிவில் சர்வீஸ் தேர்வில் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் முதல் தாளிலேயே சர்வதேசச் சட்டம் வருகிறது. முதலீடு, வணிக ஒப்பந்தத் தகராறுகளைப் பார்க்கும் சட்ட நிறுவனங்களும் இருக்கின்றன, ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கிற கண்.

அதனால் என் யோசனை இது. பட்டம் முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, வழக்கறிஞர்களுக்கான அகில இந்தியத் தேர்வையும் எழுதிவிடட்டும். இரண்டு வருடம் ஒரு நல்ல சீனியரிடம் சாதாரண சிவில் கேஸ் பார்க்கட்டும். அப்புறம் எல்.எல்.எம். போகலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் அதைப் பேசுவோம். ஐ.நா.வின் சர்வதேசச் சட்டக் காணொளி நூலகத்தில் பெரிய அறிஞர்களின் உரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதிலிருந்து தொடங்கட்டும்.

இந்த லீவில் அந்த 1993 தீர்ப்பை அவள் முழுசாகப் படிக்கட்டும். படித்துவிட்டு, 'அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்த வழக்கறிஞராக நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம்.