அமைதியான பொண்ணு கம்யூனிகேஷன் படிக்கலாமா சார்?

சார், உங்க பொண்ணு கம்யூனிகேஷன் படிக்க ஆசப்படறத பத்தி நீங்க ரெண்டு கேள்விய ஒண்ணா சேர்த்து கேட்டிருக்கீங்க. வீட்டுக்கு யாராவது வந்தாலே ரூமுக்குள்ள போயிடறவ எப்படி மேடை ஏறி பேசுவாங்கறது ஒண்ணு, அப்படியே படிச்சு முடிச்சாலும் இதுல என்ன வேலை கிடைக்கும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் பிரிச்சே பேசலாம். முதல் கேள்விக்காக நீங்க தூக்கத்த கெடுத்துக்கவே வேண்டாம், ரெண்டாவதுதான் நியாயமான கவலை, அதுக்குத்தான் காலேஜ்ல சேர்க்கறதுக்கு முன்னாடி உக்காந்து யோசிக்கணும்.

அமைதியா இருக்கறதும் பேச பயப்படறதும் வேற வேற விஷயம் சார். சில பேருக்கு பேச விருப்பம் கம்மி, அவ்ளோதான், தேவைன்னா தெளிவா பேசிடுவாங்க. சில பேருக்கு பேசணும்னு ஆசை நிறைய இருக்கும், ஆனா நாலு பேர பார்த்தா தொண்டை அடைச்சுக்கும். இத பத்தி பல வருஷமா ஆராய்ச்சி பண்ணவர் ஜேம்ஸ் மெக்ராஸ்கிங்கற அமெரிக்க பேராசிரியர், அவர் உருவாக்கின ஒரு கேள்வித்தாள் இன்னைக்கும் நிறைய காலேஜ்ல முதல் வாரமே குடுக்கறாங்க, அதுல 24 வாக்கியம் இருக்கும், மொத்த மதிப்பெண் 24லேருந்து 120 வரைக்கும் வரும். அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா பயத்த ஒரே மூட்டையா கட்டாம நாலா பிரிச்சு பார்ப்பாங்க: ஒருத்தர்கிட்ட தனியா பேசறது, சின்ன குழுவுல பேசறது, மீட்டிங்ல பேசறது, மேடையில பேசறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட பேச கூச்சப்படற பொண்ணு, தயார் பண்ண ஒரு பேச்ச மேடையில நல்லா பேசறத நான் நிறைய பார்த்திருக்கேன், ஏன்னா மேடையில என்ன சொல்லப்போறோம்னு முன்னாடியே தெரியும், யாரும் நடுவுல குறுக்கிட மாட்டாங்க. விருந்தாளி அடுத்து என்ன கேப்பாருன்னு யாருக்கு தெரியும்?

பயம் இருந்தாலும் பரவால்ல சார், அது குறையற விதமும் ஓரளவுக்கு தெரிஞ்சதுதான். பேச ஆரம்பிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடியும் முதல் நிமிஷத்துலயும்தான் பெரும்பாலானவங்களுக்கு பதட்டம் உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா இறங்கும். சாவிட்ஸ்கி, கிலோவிச்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2003ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, பேசறவங்க தன்னோட நடுக்கம் எல்லாருக்கும் தெரியுதுன்னு நினைக்கறாங்க, ஆனா கேக்கறவங்களுக்கு அதுல கொஞ்சம்தான் தெரியுதுன்னு அதுல காட்டினாங்க. இத முன்கூட்டியே யாருக்கு எடுத்துச் சொன்னாங்களோ அவங்க மத்தவங்கள விட நல்லாவே பேசியிருக்காங்க. உங்க பொண்ணுகிட்ட இந்த ஒண்ண மட்டும் இன்னைக்கே சொல்லுங்க.

சரி, கோர்ஸ்ல உண்மையில என்னதான் சொல்லித்தர்றாங்க? வெளியிலேருந்து பார்க்கறவங்க இத நல்லா பேசத் தெரிஞ்சவங்களுக்கான படிப்புன்னு நினைக்கறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், இந்த நினைப்பாலயே கவனிக்கத் தெரிஞ்ச எத்தனையோ புள்ளைங்க இந்தப் பக்கமே வராம போயிடறாங்க. படிப்போட நடுமையம் பேசறவர் கிடையாது, கேக்கறவங்க. யார் கேக்கறாங்க, அவங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எத நம்ப மாட்டாங்க, எங்க சலிச்சுப்போவாங்க, இத கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை. அரிஸ்டாட்டில் காலத்துலேருந்தே அப்படித்தான், ஒரு பேச்சு எடுபடணும்னா பேசறவர் மேல நம்பிக்கை வேணும், கேக்கறவங்க மனசுல படணும், வாதம் நிக்கணும்னு மூணா பிரிச்சு வச்சுட்டு போயிட்டார். 1948ல ஹரால்ட் லாஸ்வெல்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கம்யூனிகேஷன அஞ்சு கேள்வியா கேட்டார், யாரு சொல்றா, என்ன சொல்றா, எது வழியா சொல்றா, யாருக்கு சொல்றா, அதனால என்ன ஆச்சு. முதல் செமஸ்டர்ல பசங்க இத சும்மா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடுவாங்க, ஆனா வேலைக்கு போனப்புறம் தினமும் இதே அஞ்சு கேள்விதான்.

மீடியா பக்கம் வந்தா ஆராய்ச்சி முறையும் சேர்ந்துக்கும். 1968 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்துல மெக்கோம்ஸ், ஷான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சாப்பல் ஹில்ங்கற ஊர்ல யாருக்கு ஓட்டு போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத 100 பேர்கிட்ட எது முக்கியமான பிரச்சனைன்னு கேட்டாங்க, அதே நேரத்துல அந்த ஊருக்கு வர்ற செய்திகள்ல எதுக்கு எவ்ளோ இடம் குடுத்திருக்காங்கன்னும் எண்ணினாங்க, மக்கள் சொன்ன வரிசையும் செய்தியில வந்த வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போச்சு. 1972ல வந்த அந்த கட்டுரைய நிறைய மீடியா டிபார்ட்மென்ட்ல இன்னைக்கும் படிக்கறாங்க. இத எதுக்கு சொல்றேன்னா சர்வே எடுக்கறது, எண்ணறது, ஒப்பிடறது எல்லாம் இந்தப் படிப்புல வரும், கணக்கே வேண்டாம்னு ஓடி வர்றவங்களுக்கு இங்க கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இன்னொரு விஷயம், வார இறுதி பேச்சுப் பயிற்சி வகுப்புகள்ல அடிக்கடி ஒண்ணு சொல்வாங்க, நம்ம பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடம்பு அசைவுக்கு 55ன்னு. அது மெஹ்ராபியன்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1967ல வெளியிட்ட ரெண்டு ஆய்வுலேருந்து வந்த எண், தனித்தனி வார்த்தைகள வச்சு ஒருத்தருக்கு நம்மள பிடிச்சிருக்கா பிடிக்கலையாங்கற மாதிரி உணர்ச்சிய கணிக்கறத பத்தினது, எல்லா பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்கார். கொஞ்சம் யோசிச்சா நமக்கே புரியும், தெரியாத பாஷையில ஒருத்தர் பேசினா 93 சதவீதமா நமக்கு புரியுது? நல்ல டிபார்ட்மென்ட் இந்த மாதிரி எண்ணெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பார்க்க சொல்லிக்குடுக்கும், மூணு வருஷம் செலவு பண்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்ப வேலை. ஒளிக்காம சொல்றேன் சார், டிகிரி பேர பார்த்து வேலை குடுக்கற துறை இது இல்ல. மருத்துவம் படிச்சா டாக்டர், இத படிச்சா என்னன்னு ஒரே வார்த்தையில பதில் கிடையாது, அதனாலதான் சொந்தக்காரங்க கேக்கறப்ப உங்களுக்கு சங்கடமா இருக்கு. ஆனா வேலை இல்லன்னு அர்த்தம் இல்ல, பல எடத்துல சிதறிக்கிடக்குன்னு அர்த்தம். பத்திரிகை, டிவி, ரேடியோ எல்லாருக்கும் தெரிஞ்சது. அதத் தவிர கம்பெனிகளோட பிஆர், அதாவது கம்பெனி சார்பா மக்கள்கிட்டயும் பத்திரிகைகள்கிட்டயும் பேசற வேலை, ஊழியர்களுக்கு விஷயத்த கொண்டுபோற டிபார்ட்மென்ட், ஆஸ்பத்திரியிலயும் சுகாதாரத் துறையிலயும் நோய பத்தி மக்களுக்கு புரியறபடி எழுதறவங்க, அறிவியல் நிறுவனங்கள்ல ஆராய்ச்சிய எளிமையா சொல்றவங்க, தொண்டு நிறுவனத்துக்கு நிதி கேட்டு எழுதறவங்க, பெரிய பொறுப்புல இருக்கறவங்களுக்கு உரை எழுதிக்குடுக்கறவங்க, ஆப்ல வர்ற ஒவ்வொரு பட்டன்லயும் என்ன வார்த்தை இருக்கணும்னு முடிவு பண்றவங்க, பாட்காஸ்ட் தயாரிக்கறவங்க, சப்டைட்டில் போடறவங்க. இதுல பாதிக்கு மேல கேமரா முன்னாடி வரவே வேண்டாம்ங்கறத கவனிங்க.

பிஆர் வகுப்புல தவறாம வர்ற ஒரு கேஸ் இருக்கு. 1982ல சிகாகோ பக்கம் டைலனால்ங்கற வலி மாத்திரையில யாரோ சயனைடு கலந்து 7 பேர் செத்துப்போனாங்க. அத தயாரிச்ச ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில திரும்ப வாங்கிக்கிச்சு, சாப்பிடாதீங்கன்னு மக்களுக்கு நேரா சொல்லிச்சு, அப்புறம் யாராவது பிரிச்சா தெரியற மாதிரி மூடியோட மறுபடி விக்க ஆரம்பிச்சாங்க. இந்த கேஸ படிக்கற புள்ளைக்கு ஒண்ணு புரியும், அங்க யாரோட பேச்சுத் திறமையும் கம்பெனிய காப்பாத்தல, செய்ய வேண்டியத செஞ்சுட்டு அத மறைக்காம உடனே சொன்னதுதான் காப்பாத்திச்சு. கம்யூனிகேஷன்ல உள்ள ஒருத்தர் அந்த ரூம்ல இருந்து "இத சொல்லித்தான் ஆகணும்"னு அழுத்தி சொல்றதுதான் அந்த வேலையோட கௌரவம்.

அதனால யாரா இருந்தாலும் நான் கண்டிஷனா சொல்றது ரெண்டு. ஒண்ணு, கம்யூனிகேஷனோட இன்னொரு சப்ஜெக்ட் கண்டிப்பா வேணும், பொருளாதாரமோ உயிரியலோ சட்டமோ புள்ளிவிவரமோ சுற்றுச்சூழலோ எதுவானாலும் சரி. எப்படி சொல்றதுன்னு மட்டும் தெரிஞ்சு எத சொல்றதுன்னு தெரியலன்னா அந்த ஆள வச்சு யாருக்கும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு, வெளிய வர்றப்ப சர்டிபிகேட்டோட கையில செஞ்சு முடிச்ச வேலை இருக்கணும், அச்சுல வந்த கட்டுரை, எடிட் பண்ண ஆடியோ, தானே எழுதி பேசின உரையோட வீடியோ, நடத்திக்காட்டின ஒரு பிரச்சாரம், இப்படி. இன்டர்வியூல முதல்ல கேக்கறதே போர்ட்ஃபோலியோதான், மார்க் ஷீட்ட அப்புறம்தான் பார்ப்பாங்க.

இப்ப ஏஐ வந்துடுச்சே, இனி எழுதறவங்க எதுக்குன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். ஒரே மாதிரி விளம்பர வரி, பொருள் விவரம், செய்திக்குறிப்போட முதல் டிராஃப்ட், இதெல்லாம் மெஷின் பக்கம் போய்க்கிட்டுதான் இருக்கு, அத மட்டும் நம்பி படிக்கறவங்களுக்கு கஷ்டம்தான். ஆனா ஒருத்தர நேர்ல பார்த்து அவர் சொல்லத் தயங்கறத கேட்டு வாங்கறது, வந்த தகவல் உண்மையான்னு சரிபார்க்கறது, எத சொல்லலாம் எத சொல்லக்கூடாதுன்னு பொறுப்பெடுத்து முடிவு பண்றது, கோவமா இருக்கற ஒரு கூட்டத்து முன்னாடி நின்னு பதில் சொல்றது, இதுக்கெல்லாம் ஆள் வேணும். உங்க பொண்ணு மாதிரி கவனமா கேக்கறவங்களுக்கு இங்கதான் எடம் இருக்கு.

காலேஜ் தேடறப்ப கோர்ஸ் பேர பார்த்து ஏமாந்துடாதீங்க. மாஸ் கம்யூனிகேஷன், ஜர்னலிசம், மீடியா ஸ்டடீஸ், ஸ்பீச் கம்யூனிகேஷன்னு பேர் பலவிதமா இருக்கும், ஒரு எடத்துல முழுக்க தியரியா இருக்கும், இன்னொரு எடத்துல அதே பேர்ல முழுக்க கேமராவும் எடிட்டிங்குமா இருக்கும். ஸ்டூடியோவ சுத்திக்காட்டுவாங்க, பளபளன்னு இருக்கும், சந்தோஷமா பார்த்துட்டு அப்புறம் கேளுங்க, முதல் வருஷ ஸ்டூடன்ட் இத வாரத்துக்கு எத்தன மணி நேரம் தொட முடியும்னு.

பப்ளிக் ஸ்பீக்கிங் பேப்பருக்கு இன்னொரு கேள்வி இருக்கு, ஒரு வகுப்புல எத்தன பேர். ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க சார். ஆளுக்கு 6 நிமிஷ பேச்சு, 4 நிமிஷம் ஆசிரியரும் பசங்களும் கருத்து சொல்றதுன்னு வச்சா, 60 பேர் இருக்கற வகுப்புல எல்லாரும் ஒரே ஒரு தடவ பேசி முடிக்கவே 10 மணி நேரம் ஆகும். 24 பேர்னா 4 மணி நேரம். அதனாலதான் பெரிய வகுப்புகள்ல பப்ளிக் ஸ்பீக்கிங்க கடைசியில எழுத்துப் பரீட்சையா மாத்திடறாங்க, மேடை பயத்த பத்தி அஞ்சு மார்க்குக்கு குறிப்பு எழுதினா பயம் போயிடுமா? ஒரு செமஸ்டர்ல ஒவ்வொருத்தரும் குறைஞ்சது நாலு தடவ எழுந்து நின்னு பேசி, ஒவ்வொரு தடவையும் எது நல்லா இருந்துச்சு எது புரியலன்னு யாராவது சொல்லணும், அந்த எடம் கட்டடம் பழசா இருந்தாலும் நல்ல எடம்.

மீடியா பக்கமும் இதே அளவுகோல்தான். அமெரிக்காவுல மிசௌரி யுனிவர்சிட்டியோட ஜர்னலிசம் ஸ்கூல் 1908 செப்டம்பர் 14ல வகுப்பு ஆரம்பிச்ச அன்னைக்கே ஸ்டூடன்ட்ஸ் வேலை பார்க்கற ஒரு பத்திரிகையும் வந்துடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆனாலும் அந்த யோசனை பழசாகல. நீங்க பார்க்கற காலேஜ்ல பசங்க நடத்தற பத்திரிகையோ ரேடியோவோ சேனலோ இருக்கா, கடைசியா எப்ப வெளியாச்சு, அதுல தப்பு வந்தா திருத்தம் போடறாங்களான்னு கேளுங்க. அப்புறம் போன வருஷம் படிச்சு முடிச்ச ரெண்டு மூணு பேர்கிட்ட பேசிப் பாருங்க, இன்டர்ன்ஷிப்ல உண்மையில என்ன வேலை குடுத்தாங்க, இப்ப என்ன பண்றாங்கன்னு. காலேஜ் நோட்டீஸ விட அது நம்பகமா இருக்கும்.

இனி உனக்கும்மா, அப்பா பக்கத்துல உக்காந்து நீ படிக்கறேன்னு தெரியும். ஒரு வாரத்துக்கு தினமும் ரெண்டு நிமிஷம் ஏதாவது ஒரு விஷயத்த உன் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணு, யாருக்கும் அனுப்ப வேண்டாம். மறுநாள் நீயே கேளு, முதல் வாக்கியத்துலயே விஷயம் வந்துடுச்சா, இல்ல சுத்திச்சுத்தி வந்துச்சான்னு மட்டும் பாரு, குரல் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்காத, பதிவான குரல கேட்டா நிறைய பேருக்கு பிடிக்கறதில்ல. அப்புறம் வயசானவங்க ஒருத்தர்கிட்ட உக்காந்து அவங்க பார்த்த வேலைய பத்தி அரை மணி நேரம் கேட்டு ஒரு பக்கம் எழுது, எழுதினத அவங்களுக்கே படிச்சுக்காட்டு, "நான் இப்படி சொல்லலையே"ன்னு அவங்க சொல்ற எடத்துல எல்லாம் நில்லு. இந்த ரெண்டும் உனக்கு சலிக்காம இருந்தா தைரியமா இந்தப் பக்கம் வா. 18 வயசு ஆனப்புறம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி மேடைப் பேச்சு பழகற ஒரு கிளப்ல சேரலாம், அது 1924லேருந்து நடக்குது, அங்க நேரம் பார்க்க ஒருத்தர், நீ எத்தன தடவ "ஆ... அது வந்து"ன்னு இழுக்கறன்னு எண்ண ஒருத்தர், பேச்ச மதிப்பிட ஒருத்தர்னு ஆள் இருப்பாங்க, ஆரம்பத்துல நீ எண்ணற வேலைய எடுத்துக்கோ, அதுக்கும் எல்லார் முன்னாடியும் எழுந்து சின்னதா அறிக்கை சொல்லணும், உனக்கு அது போதும்.

சார், நீங்க சேர்க்கலாம்னு நினைக்கற ரெண்டு காலேஜோட சிலபஸையும் அனுப்பிவைங்க. பாடத் தலைப்பு மட்டும் இருக்கற பக்கம் வேண்டாம், எந்த பேப்பருக்கு எழுத்துக்கு எவ்ளோ மார்க், பிராக்டிகலுக்கு எவ்ளோன்னு பிரிச்சுப் போட்டிருக்கற பக்கம் வேணும். இன்னொரு சப்ஜெக்ட் சேர்த்து எடுக்க விடுவாங்களான்னு ஆபீஸ்ல கேட்டு அதையும் எழுதுங்க, பார்த்துட்டு எதுல சேர்க்கலாம்னு சொல்றேன்.